ஊர்த்தாடி

கரட்டுப்பாளையத்து ஆம்பிளைகளின் தாடியெல்லாம் கிளம்பிப்போய் எடைமேடை மாரப்பனின் ஒரே முகத்தில் குடியேறியது ஒரு பங்குனி மாசத்து வியாழக்கிழமை என்றும், அன்று காலையில் ஊருக்குள் முதல் ஆளாகக் கண்ணாடி பார்த்தவன் சலூன்கார சிவக்கொழுந்துதான் என்றும், அவன் தன் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல எனக்கு யாராச்சும் சவரம் பண்ணுனீங்களா?" என்று பொண்டாட்டியிடம் கேட்டான் என்றும் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். மீசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தாடி மட்டும்தான் போயிருந்தது. பால் சொசைட்டி வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துத் துண்டால் மோவாயை மறைத்துக்கொண்டு நின்றார்கள். எட்டு மணிக்கு ஒருவர் தும்மியபோது துண்டு விலகி, பக்கத்தில் இருந்தவர் பார்த்து, அவர் துண்டும் விலகி, கடைசியில் வரிசை முழுக்க மழுமழுவென்று வெறும் தாடைகளாக நின்றது. நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்த ஊர் டிரைவர்களும் கல்கத்தா ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் வீட்டுக்குப் போன் போட்டு, "இங்க எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஊருல எதாச்சும் நடந்துச்சா?" என்று விசாரித்தார்கள்.

மாரப்பன் எழுந்தபோது நெஞ்சின் மேல் பூனை படுத்திருப்பதுபோல் ஒரு கனம் இருந்தது. கையால் தள்ளிப் பார்த்தான், அது தன் முகத்தோடு சேர்ந்து வந்தது.

அவனுக்கு நாற்பத்துநாலு வயது. அந்த நாற்பத்துநாலு வருஷத்தில் அவன் தாடையில் ஒரு முடிகூட முளைத்ததில்லை. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று வீட்டிலும் காபி கொடுத்து, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. அம்மா இருந்தவரைக்கும் நாலாவது இடம் தேடிக்கொண்டிருந்தாள். அவளும் போன பிறகு அவன் பைபாஸ் ரோட்டோரம் இருக்கிற எடைமேடையின் பின்னறையிலேயே தங்கிக்கொண்டான். லாரி வந்து இரும்புத் தகட்டின்மேல் ஏறி நிற்கும். பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை தெரியும். அதைச் சீட்டில் எழுதி, சத்தமாக ஒருமுறை சொல்லி, ஜன்னல் வழியாக நீட்டுவான். அந்த ஜன்னல் சின்னது, தாழ்வானது. வெளியே நிற்பவர்களுக்கு அவன் கை மட்டும்தான் தெரியும். இருபது வருஷமாகக் கரட்டுப்பாளையத்து டிரைவர்கள் அந்தக் கையிடம் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களில் அவன் காலையிலிருந்து சாயங்காலம்வரை எண்களைத் தவிர வேறொரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டான்.

அன்றைக்கு அவன் சீட்டை நீட்டியபோது கையோடு தாடியும் ஜன்னல் வழியாக வெளியே வந்தது. வாங்க வந்திருந்தவர் லாரிப் பட்டறைச் சங்கத்தின் தலைவர் பொங்கியண்ணன். அவர் தாடியில் இடதுபக்கம் ஒரு வெள்ளைக்கீற்று உண்டு; கல்யாணப் போட்டோவிலேயே உண்டு. அந்தக் கீற்று இப்போது ஜன்னலில் தொங்கியது.

"இது என்னுதாச்சே," என்றார் பொங்கியண்ணன்.

"எடுத்துக்கங்க," என்றான் மாரப்பன்.

அவர் கத்தரி வாங்கி வரச்சொல்லி, தன் கீற்றை மட்டும் வெட்டி, காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலையில் காகிதம் வெறுமையாக இருந்தது, கீற்று மாரப்பன் முகத்தில் பழைய இடத்திலேயே இருந்தது, பொங்கியண்ணனின் தாடை மூன்று நாள் எரிந்தது. அதற்குப் பிறகு யாரும் கத்தரியை எடுக்கவில்லை. சங்கக் கட்டடத்தில் கூடிப் பேசினார்கள். யாரும் ஏன் இப்படி ஆனது என்று பேசவில்லை. ஆனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் பேசினார்கள். மாரப்பனை நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பொங்கியண்ணன் சொன்னார்: "இத பாரு, மொகம் உன்னுது, முடி எங்களுது. திரும்பி வர்ற வரைக்கும் நல்லபடியா வளத்து வையி."

தாடி வளர்ப்பதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அது பத்து நாளில் இடுப்பைத் தொட்டது, நமைச்சல் தாங்காமல் அவன் கதவு நிலையில் போய்த் தாடையைத் தேய்த்தான். சிவக்கொழுந்து கடையில் சவரத்துக்கு ஆள் இல்லாததால் தன் சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எடைமேடைக்கே வந்துவிட்டான்.

"சொறியாத. மொத மாசம் நமைக்கத்தான் செய்யும், எல்லா ஆம்பளைக்கும் பதினெட்டு வயசுல வர்றது உனக்கு இப்ப வருது. தெனமும் சோப்பு போடாத, காஞ்சு போயிரும். வாரத்துல ரெண்டு நாள் சீயக்கா போதும். வெளக்கெண்ணெ ஒரு சொட்டு, தேங்கெண்ணெ ரெண்டு சொட்டு, உள்ளங்கையில சூடு வர்ற வரைக்கும் தேச்சு, தோலுக்கு மொதல்ல வையி, முடிக்கு அப்பறம். மரச்சீப்புதான். மேல இருந்து இழுத்தீனா பிச்சுக்கிட்டு வரும். நுனியில ஆரம்பிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா மேல ஏறணும்."

"கழுத்துல குத்துதே?"

"தொண்டச் சங்குக்கு ரெண்டு வெரக்கடை மேல ஒரு கோடு. அதுக்குக் கீழ இருக்கறத ஒதுக்கணும். ஆனா அது கீழத்தெரு ஆளுகளுது. அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் ஒதுக்க முடியும்."

கேட்டார்கள். கீழத்தெருக்காரர்கள் நாங்கள் மட்டும் எதற்குக் கழுத்தில் இருக்கவேண்டும் என்று சண்டை போட்டார்கள், பிறகு சம்மதித்தார்கள். முடியை வெட்டி எடுக்காமல் ஒதுக்கிச் சீவிப் பின்னிவிட்டான் சிவக்கொழுந்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே எடைமேடைக்கு வந்தது. அவரவர் சீப்போடு வந்து, அவரவர் பங்கைக் கண்டுபிடித்து, சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். கருப்பும் வெள்ளையும் செம்பட்டையும் மருதாணி போட்டதும், கம்பி போன்றதும் பஞ்சு போன்றதும், டீசல் மணப்பதும் பீடி மணப்பதும் விபூதி மணப்பதுமாக நூற்றுச்சொச்சம் பேருடைய தாடி அந்த ஒரு முகத்தில் பாகம் பிரித்துக்கொண்டு வளர்ந்தது. மாரப்பன் சுழல் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருபது வருஷமாக யாருடைய மூச்சும் அவன் முகத்தில் பட்டதில்லை. இப்போது ஒரு நாளைக்கு நூறு பேர் மூச்சு பட்டது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், மகளுக்கு வரன் வந்ததையும் டயர் வெடித்ததையும் மாமனாரோடு பேச்சுவார்த்தை நின்றதையும் அவன் மோவாய்க்குக் கீழே பேசினார்கள். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சீப்பு முடியில் மாட்டி அவனுக்கு வலித்து முகம் சுளித்தால், "ஆடாத," என்று மட்டும் சொல்வார்கள். ஆறு மணிக்குக் கடைசி ஆள் போனபிறகு அவன் அறையில் விளக்கைப் போட்டுவிட்டு அத்தனை பேருடைய வாசனையோடும் தனியாக உட்கார்ந்திருப்பான். முன்பு தனியாக இருந்தபோது இப்படி இருந்ததில்லை.

வைகாசியில் ஒரு நாள் அவன் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது ஒரு கொத்து வெள்ளைமுடி மடியில் விழுந்தது. நஞ்சப்ப வாத்தியாருடையது. அவன் சீப்பையும் எண்ணெயையும் குற்றம் சொல்லிக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தான். அரைமணி கழித்து வாத்தியார் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து ஊருக்கு ஒரு விஷயம் தெரிந்துபோனது: முடி இருந்தால் ஆள் இருக்கிறான்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் பாவாயி வந்தாள்.

அவள் கல்லுடைக்கப் போகிறவள், புருஷன் இல்லாதவள். ஒரே மகன் சீரங்கன் பத்தொன்பது வயதில் கிளீனராக லாரி ஏறிப் போனவன், எட்டு வருஷமாகக் கடுதாசியும் இல்லை, போனும் இல்லை. வேலை நாளின் மூன்று மணி வெயிலில் வந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"சாமி, எம்பையனுக்கு அப்பத்தான் தாடி அரும்பியிருந்துச்சு. கீழுதட்டுக்கு அடியில, செம்பட்டையா, சுழி மாதிரி. கொஞ்சம் தேடிப் பாக்கட்டுமா?"

மாரப்பன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை உயர்த்திக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு இழையாக விலக்கினாள். கல்லுடைத்துக் காய்ச்சிப்போன விரல்கள். ஆனாலும் அன்றுவரை வந்த சீப்புகளில் எதுவும் அவ்வளவு மெதுவாக இருந்ததில்லை. இரண்டு லாரிகள் வந்து எடை போடாமல் காத்திருந்தன. வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்குப் போனபிறகு அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. உதட்டுக்கு அடியில், பொங்கியண்ணனின் கீற்றுக்குப் பின்னால் மறைந்து, செம்பட்டையாக ஒரு சுழி. பூனைமுடியாக இல்லை, வளர்ந்த ஆளின் கெட்டிமுடியாக இருந்தது.

அவள் அழவில்லை. முகர்ந்து பார்த்தாள். "எண்ணெயே வெக்கறதில்ல பாரு," என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு வந்தாள். கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து, அந்தச் சுழியை மட்டும் நீவி, சீவி, அதோடு பேசுவாள். "ஏஞ்சாமி, எல்லாத்துக்கும் முன்னால மீச மொளச்சுட்டா பெரிய ஆம்பளயாடான்னு நான் கேட்டது தப்புத்தான். அதுக்குன்னு எட்டு வருசமா? நான் கேக்காம வேற யாரு உன்னக் கேப்பா?" அவள் கண் அந்தச் சுழியை விட்டு மேலே ஏறியதே இல்லை. அவள் மூச்சு அவன் உதட்டில் பட்டது, அவள் உள்ளங்கை அவன் தாடையைத் தாங்கியது, அத்தனையும் குண்டுமணியளவு முடிக்குப் போனது. மாரப்பனுக்கு அது தெரியும். தெரிந்தும் இரண்டரை மணிக்கே முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் சிவக்கொழுந்திடம் கேட்டான்: "இதுல என்னுது எதாச்சும் இருக்குதா பாரு."

சிவக்கொழுந்து சிரிக்காமல் பார்த்தான். சாயங்காலம்வரை ஒவ்வொரு பங்காக விலக்கி, பெயர் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். "இல்ல மாரப்பா. வந்தாலும் எடமில்ல."

ஆடி பிறந்ததும் செம்பட்டைச் சுழி உதிரத் தொடங்கியது.

முதல் நாள் இரண்டு முடி, அடுத்த நாள் நாலு. மாரப்பன் காலையில் தலையணையிலிருந்து பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டு வைத்தான். பாவாயி வருவதற்கு முன்பு பக்கத்து முடிகளை இழுத்து அந்த இடத்தை மூடினான். வாத்தியாருக்கு நடந்தது அவன் மடியிலேயே நடந்திருந்தது. அதை இந்தப் பெண்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? "இன்னைக்கு என்னமோ கொறஞ்சாப்ல இருக்குதே," என்று அவள் கேட்டபோது, "ஆடிக்காத்துங்க," என்றான். அவனுக்குத் தெரிந்து அவன் சொன்ன முதல் பொய் அது.

அந்தச் சுழியில் ஒரு வாசனை இருந்தது. டீசலும் இல்லை, பீடியும் இல்லை. இழுத்து முகர்ந்தால் தும்மல் வந்தது. வடக்கேயிருந்து வருகிற ஒவ்வொரு டிரைவரையும் அவன் ஜன்னலுக்குள் தலையை நீட்டச் சொல்லி முகர வைத்தான். பதினோராவது ஆளாக வந்த அர்த்தநாரி, முப்பது வருஷம் ஆந்திரா லைனில் ஓடியவர், ஒருமுறை முகர்ந்து ஏழுமுறை தும்மினார்.

"குண்டூரு மொளகா," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதுவும் குடோனுக்குள்ளயே படுத்துக் கெடக்கறவனுக்குத்தான் இப்படி ஏறும். நாளைக்குக் காலையில அங்கதான் போறன்."

மாரப்பன் அன்றைக்கே பொங்கியண்ணனிடம் போய்ச் சொன்னான். சங்கக் கட்டடம் நிரம்பிவிட்டது.

"ஊருத் தாடி மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு ஸ்டேட்டு தாண்டப் போறயா? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார் பொங்கியண்ணன்.

"எம்மகன் கல்யாணம் ஆவணியில," என்றார் இன்னொருவர். "அதுக்குள்ள தாடி திரும்பி வரணும், நீ ஊருல இல்லாட்டி எங்கிருந்து வரும்?"

"ஒருத்தனோட முடிக்காக நூறு பேரு முடியப் பணயம் வெக்கறதா?"

மாரப்பன் நின்றுகொண்டிருந்தான். கூட்டத்தில் அவன் பேசியதே இல்லை. எண்ணைத் தவிர எதையும் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லாத தொண்டையிலிருந்து வார்த்தை எடைமேடையில் சொல்வதுபோலவே உரக்க வந்துவிட்டது.

"மொகம் என்னுதுங்க," என்றான். "நீங்கதான் சொன்னீங்க. அது போற எடத்துக்கு உங்க முடி வரட்டும்."

விடிந்ததும் அர்த்தநாரியின் லாரியில் ஏறினான். சிவக்கொழுந்து மட்டும் வந்து, தாடியை நாலு பின்னலாகப் பின்னி, காற்றில் அடிபடாமல் சட்டைக்குள் செருகி, எண்ணெய்ச் சீசாவைக் கையில் கொடுத்தான். மூன்று மணிக்குப் பாவாயி வந்து வெற்று நாற்காலியைப் பார்த்தபோது, சாமான் வாங்கப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டதாகச் சிவக்கொழுந்து பிறகு சொன்னான்.

குண்டூரில் ஆகாயமே சிவப்பாக இருந்தது. மிளகாய் மூட்டைகள் தெருத்தெருவாக மலைபோல் அடுக்கியிருந்தன. மாரப்பனுக்கு அந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. சட்டைக்குள்ளிருந்து தாடியை எடுத்து வெளியே விட்டு, குடோன் குடோனாக நடந்தான். மூட்டை தூக்குகிறவர்கள் சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். எங்கே போனால் சுழியின் வாசனை கூடுகிறதோ அங்கே போனான், குறைந்தால் திரும்பினான். இரண்டாவது நாள் மத்தியானம் ஏழு முடிதான் மிச்சமிருந்தது. ஒரு குடோன் வாசலில் அவனுக்குத் தும்மல் நிற்கவே இல்லை. உள்ளே, கோணிகளுக்கு நடுவில், கண்ணெல்லாம் மஞ்சள் பாய்ந்து, எலும்பாக ஒருவன் படுத்திருந்தான். தாடையில் ஒன்றுமில்லை.

"சீரங்கா," என்றான் மாரப்பன்.

எட்டு வருஷமாக அந்தப் பேரை யாரும் அந்த உச்சரிப்பில் கூப்பிடாததால் அவன் கண்ணைத் திறந்தான். "நீங்க யாருங்க?"

மாரப்பன் யோசித்தான். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. "உந்தாடி எங்கிட்ட இருக்குது," என்றான்.

அர்த்தநாரியும் அவனும் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மஞ்சள்காமாலை முற்றியிருந்தது, இன்னும் மூன்று நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அர்த்தநாரி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்ப, மாரப்பன் பதினெட்டு நாள் அங்கேயே இருந்தான். கஞ்சி ஊட்டினான், துணி மாற்றினான், முகத்தைத் துடைத்தான். சீரங்கன் கொஞ்சம் தெளிந்ததும் சொன்னான்: "அம்மா எல்லாத்து முன்னாலயும் அப்படிக் கேட்டுருச்சு. பெரிய ஆளா ஆயித்தான் திரும்பறதுன்னு இருந்தன். ஆகவே இல்லீங்க. அப்பறம் போறதுக்கு மொகமில்ல."

"உங்கம்மா தெனமும் உனக்கு எண்ணெ வெச்சு உடறாங்க," என்றான் மாரப்பன். அவன் அதை விளக்கிச் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. கேட்டு முடித்ததும் சீரங்கன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊருக்குக் கூட்டிவந்தபோது பாவாயி வாசலில் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து இறங்குகிறவன் யார் என்று அவளுக்குச் சட்டென்று தெரியவில்லை. மாரப்பனின் தாடையைப் பார்த்தாள், அங்கே சுழி இல்லை, அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் ஒரு கணம் அவள் முகம் செத்துப்போனது. பிறகு பக்கத்தில் நின்றவனின் கீழுதட்டைப் பார்த்தாள். அங்கே செம்பட்டையாக அரும்பியிருந்தது. முறத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து மகன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அறைந்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் அப்படியே உள்ளே போனார்கள். மாரப்பன் சிதறிய அரிசியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு எடைமேடைக்கு நடந்தான்.

அந்த வாரத்திலேயே மற்றவையும் போய்விட்டன. ஒரு புதன்கிழமை காலையில் அவன் எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஊருக்குள் ஆளுக்கொரு தாடியோடு எழுந்து, கண்ணாடி முன்னால் நின்று, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். கீழத்தெருக்காரர்கள் நாலு பேருக்கு இடம் மாறி வந்திருந்ததை அவர்களே மாற்றிக்கொள்ள முடியாமல் அப்படியே இருந்துவிட்டார்கள். சிவக்கொழுந்து வந்து சுழல் நாற்காலியை எடுத்துக்கொண்டான். "கடையில கூட்டம் நிக்குது மாரப்பா, வந்து பேசறன்," என்று சொல்லிப் போனவனுக்கு அதற்குப் பிறகு வர நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் முகம் கழுவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை. வர வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தான்.

பத்து நாள் கழித்து, மூன்று மணிக்குப் பாவாயி வந்தாள். சீரங்கன் வெளியே லாரியில் இருந்தான். அவனுக்குக் குண்டூர் மிளகாய் மண்டியிலேயே கணக்கப்பிள்ளைக்கு உதவியாக உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. அம்மாவையும் கூடவே அழைத்துப் போகிறான். மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியாகிவிட்டது. லாரி எடை போடுவதற்காகத் தகட்டின்மேல் ஏறி நின்றது.

"போயிட்டு வர்றமுங்க சாமி," என்றாள் பாவாயி.

"செரிங்க."

அவள் கும்பிட எடுத்த கை, இரண்டு மாசப் பழக்கத்தில், தானாக அவன் தாடைக்குப் போனது. விரல் கீழுதட்டின் அடியில் சுழியைத் தேடியது. வெறும் தோல்தான் இருந்தது. சட்டென்று நினைவு வந்து அவள் கையை இழுக்கப் போனாள். இழுக்கும்போது நிமிர்ந்து, முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். மேலே, கண்வரைக்கும் பார்த்தாள்.

கையை எடுக்கவில்லை. மழுமழுவென்றிருந்த அந்தத் தாடையை, ஒன்றையும் தேடாமல், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எளச்சுப் போயிட்டயே கண்ணு," என்றாள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். பெட்டியில் சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. மாரப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடிக்கட்டும் என்று இருந்தான்.